ஐரிஷ் விஸ்கி: ருசி பழக எந்த பாட்டில்?

ஐரிஷ் விஸ்கி என்றால் நம்மில் பலருக்குத் தெரிந்தது பச்சை பாட்டில் ஜேம்சன். டியூட்டி ஃப்ரீ கடையிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானின் பெட்டியிலோ அறிமுகம் ஆகியிருக்கும். சோடா ஊற்றிக் குடித்திருப்போம். தொண்டை எரியாமல் இறங்கியது, 'ஸ்மூத்' என்று சொல்லியிருப்போம். பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

அதைத் தாண்டி, எதையும் கலக்காமல், வாசனை பிடித்து நிதானமாக ருசித்துப் பார்க்கலாம் என்று தோன்றினால் அடுத்து எதை வாங்குவது? கடையில் போய் நின்றால் குழப்பம்தான். புஷ்மில்ஸ், கிரீன் ஸ்பாட், ரெட்பிரெஸ்ட், பவர்ஸ், டீலிங், கனமாரா என்று வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் 'மூன்று முறை வடித்தது' என்று எழுதியிருக்கும். பலவற்றில் தாத்தா காலத்து ஆண்டு ஒன்றும் இருக்கும். விலையைப் பார்த்தோ, லேபிளில் உள்ள வயதைப் பார்த்தோ கையில் எடுப்பதுதான் வழக்கம். ருசி பழகுவதற்கு இரண்டுமே உதவாது. உள்ளே என்ன தானியம், எப்படி வடித்தது என்று பார்த்து வாங்குங்கள் என்பேன்.

தானியக் கணக்கு

அயர்லாந்து தீவில், அதாவது குடியரசிலும் வட அயர்லாந்திலும், வடித்து, மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறவைத்து, 40 சதவீதத்துக்குக் குறையாத வீரியத்தில் பாட்டிலில் அடைத்தால்தான் அது ஐரிஷ் விஸ்கி. பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. இந்த விதிகளுக்குள் நான்கு வகை உண்டு. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செப்புக் கலனில் வடித்தால் மால்ட். சோளம் போன்ற தானியத்தை உயரமான தூண் கலனில் இடைவிடாமல் வடித்தால் கிரெய்ன். முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பச்சை பார்லியும் சேர்த்துச் செப்புக் கலனில் வடித்தால் பாட் ஸ்டில். இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தால் பிளெண்ட்.

மால்ட், கிரெய்ன், பிளெண்ட் மூன்றும் ஸ்காட்லாந்திலும் இருக்கின்றன. பாட் ஸ்டில் மட்டும்தான் அயர்லாந்தின் சொந்தச் சொத்து. இப்போதைய விதிப்படி அதில் முளைகட்டிய பார்லி குறைந்தது 30 சதவீதம், முளைகட்டாதது குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். ஓட்ஸ், ரை மாதிரி வேறு தானியம் 5 சதவீதம் வரை சேர்க்கலாம்.

இந்தப் பச்சை பார்லி எப்படி உள்ளே வந்தது? முளைகட்டாத தானியத்தைச் சேர்ப்பது அங்கே பழைய பழக்கம்தான். 18ஆம் நூற்றாண்டில் மால்ட் மீது வரி விழுந்தது, முளைகட்டாததற்கு வரி இல்லை. அப்புறம் என்ன, டப்ளின் வடிசாலைக்காரர்கள் மால்ட்டைக் குறைத்துப் பச்சை பார்லியைக் கூட்டினார்கள். வரி மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் ஒரு ருசி கிடைத்தது. வாயில் எண்ணெய்ப் பசையாக, கனமாக உருளும் ஒரு தன்மை, அதன் மேல் இஞ்சியும் கிராம்பும் மிளகும் சேர்ந்த ஒரு காரம். 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தையைப் பிடித்த டப்ளின் விஸ்கி இதுதான்.

பின்னால் அது கவிழ்ந்த கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்குக் கடையில் நாம் பார்க்கும் பாட்டில்கள் அந்தக் கதையின் மிச்சம். தூண் கலனை மேம்படுத்தி 1830ல் காப்புரிமை வாங்கியவர் ஈனியஸ் காஃபி, அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். பெரிய டப்ளின் வடிசாலைகள் அவருடைய கலனைத் தொட மறுத்தன. அதில் வருவது விஸ்கியே இல்லை என்று வாதாடின. ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மலிவான பிளெண்டை வடித்து உலகம் முழுக்க விற்றார்கள். பிறகு அயர்லாந்தின் விடுதலைப் போர், அதையொட்டிய வணிகச் சிக்கல்கள், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு என்று அடி மேல் அடி. 1966ல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் நகரத்து நிறுவனம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ஆயின. 1975ல் இந்த மூன்றின் உற்பத்தியையும் கார்க் அருகே மிடில்டனில் கட்டிய புது ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 1980களின் நடுவில் தீவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தவை மிடில்டன், புஷ்மில்ஸ் என்று இரண்டே வடிசாலைகள்.

கடையில் நிற்பவருக்கு இதில் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. ஜேம்சன், பவர்ஸ், ரெட்பிரெஸ்ட், கிரீன் ஸ்பாட் எல்லாம் மிடில்டன் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். லேபிள்கள் வேறு வேறு காலத்தையும் ஊரையும் சொல்லும், வடிப்பது ஒரே இடம். அதனால் இவற்றை ஒப்பிடும்போது ஊர் மண், ஆற்றுத் தண்ணீர் என்ற விளம்பரப் பேச்சையெல்லாம் ஓரம் கட்டிவிடலாம். வித்தியாசம் தானியக் கலவையிலும், வடிக்கும் விதத்திலும், பீப்பாயிலும்தான்.

ஜேம்சனும் புஷ்மில்ஸும்

ஜேம்சனை மட்டமாகப் பேசுவது விஸ்கி பழகியவர்களிடம் ஒரு வியாதி. அது நன்றாகச் செய்த பிளெண்ட். மிடில்டனின் பாட் ஸ்டில் சரக்கோடு லேசான கிரெய்ன் விஸ்கியைக் கலந்தது. கிரெய்ன் கூடுவதால் எண்ணெய்ப் பசை இளகிவிடும், காரம் தணிந்துவிடும், வெனிலாவும் ஒரு மெல்லிய இனிப்பும் மேலே நிற்கும். சோடாவோ ஜிஞ்சர் ஏலோ ஊற்றி எலுமிச்சை பிழிந்து குடிக்கிறவருக்கு இதற்கு மேல் செலவு செய்வது வீண். கலவையில் போன பிறகு ரெட்பிரெஸ்ட்டும் ஜேம்சனும் பெரிதாக வேறுபடாது, பில்லில்தான் வேறுபடும்.

தனியாக ருசித்துப் பழக ஜேம்சன் போதுமா என்றால், போதாது. ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதைவிட நல்ல பாட்டில் கிடையாது. ஏன் என்று கீழே வருகிறது.

புஷ்மில்ஸ் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பாட்டிலில் 1608 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் அரசர் சர் தாமஸ் பிலிப்ஸ் என்பவருக்கு அந்த வட்டாரத்தில் வடிக்க உரிமம் கொடுத்தார், அது உண்மை. இன்றைய நிறுவனத்தின் பெயர் பதிவானது 1784ல். கொஞ்சம் பெருமை பீற்றிக்கொள்கிறார்கள், விடுங்கள்.

புஷ்மில்ஸ் 10, முளைகட்டிய பார்லி மட்டும் போட்டு மூன்று முறை வடித்த சிங்கிள் மால்ட். 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலையில் வடித்தது. தேன், ஆப்பிள், வெனிலா, கடைசியில் லேசாகச் சாக்லேட். உறுத்தல் இல்லாத, மரியாதையான விஸ்கி. விலையும் பாட் ஸ்டில் பாட்டில்களைவிடக் குறைவு. புகைவாசம் இல்லாத ஸ்காட்ச் மால்ட் பழகியவருக்கு இது உடனே பிடித்துப்போகும். எனக்கு இருக்கும் குறையும் அதேதான். ஏற்கெனவே தெரிந்த ருசிக்குப் பக்கத்து வீடு. அயர்லாந்து என்ன புதிதாகச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு இதில் பாதி பதில்தான் கிடைக்கும்.

அதே ஆலையின் பிளாக் புஷ் ஒன்று இருக்கிறது. பிளெண்ட்தான், ஆனால் பெரும்பகுதி மால்ட், அதிலும் ஒலோரோசோ ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியது. உலர்திராட்சை வாசனை தூக்கலாக இருக்கும். காசு குறைவு, ருசி கூடுதல். 'பிளெண்ட்' என்று எழுதியிருப்பதாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிக்கனமாக ஒரு நல்ல பாட்டில் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது புஷ்மில்ஸ் 10ஐ விட்டுவிட்டு இதை எடுங்கள் என்றுதான்.

கிரீன் ஸ்பாட்டா, ரெட்பிரெஸ்ட்டா?

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டுமே சிங்கிள் பாட் ஸ்டில், இரண்டும் மிடில்டனில் மூன்று முறை வடித்தவை, வழக்கமான பாட்டிலில் இரண்டும் 40 சதவீதம். பிறப்பும் ஒரே மாதிரி. பழைய காலத்தில் டப்ளினின் ஒயின் வியாபாரிகள் வடிசாலையில் இருந்து புதுச் சரக்கை வாங்கி, ஒயின் இறக்கிக் காலியான தங்கள் பீப்பாய்களில் ஊற்றி, தங்கள் நிலவறையில் ஊறப்போட்டு, தங்கள் பெயரில் விற்பார்கள். மிட்செல் அண்ட் சன் 1805ல் தொடங்கிய கடை. எந்தப் பீப்பாய் எத்தனை ஆண்டுக்கு என்று தெரிவதற்காகப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார்கள். நீலம் 7 ஆண்டு, பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. பச்சைப் புள்ளிதான் கிரீன் ஸ்பாட். மற்ற நிறங்கள் மறைந்துபோய் பல பத்தாண்டுகள் இது ஒன்று மட்டும் தாக்குப்பிடித்தது. பிற்பாடு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ரெட்பிரெஸ்ட், கில்பி என்ற ஒயின் இறக்குமதி நிறுவனத்தின் பிராண்ட். ஷெர்ரி பீப்பாய்களுக்கு அவர்களிடம் பஞ்சமே இல்லை. 1912லிருந்து இந்தப் பெயர் இருக்கிறது. 1980களில் விற்பனை ஓய்ந்துபோய், பிராண்ட் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் கைக்கு மாறி, 1991ல் மறுபடி கடைக்கு வந்தது. பாட் ஸ்டில் வகையையே இன்றைய தலைமுறைக்கு நினைவுபடுத்தியதில் ரெட்பிரெஸ்ட் 12க்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். ரெட்பிரெஸ்ட் நிறத்திலேயே அடர்த்தியாக இருக்கும். இதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஐரிஷ் விஸ்கியில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. முகர்ந்தால் உலர்திராட்சை, அத்திப்பழம், வறுத்த பாதாம், கிறிஸ்துமஸ் கேக் வாசனை. எல்லாம் ஒலோரோசோ பீப்பாய் தந்தது. வாயில் வைத்ததும் நெய்ப்பதமாகப் படரும். பழ இனிப்பு அடங்கிய பிறகு பாட் ஸ்டில் காரம் மெதுவாகத் தலைகாட்டும். விழுங்கிய பிறகும் நெஞ்சுக்குள் ஒரு சூடும், நாக்கில் பருப்பு ருசியும் நிற்கும். ரொம்ப நேரம் நிற்கும். விருந்தாளிக்கு ஊற்றிக்கொடுத்தால் "இது என்ன சரக்கு?" என்று கேட்க வைக்கும் விஸ்கி.

கிரீன் ஸ்பாட் முதல் முகர்வில் அப்படி ஆளை இழுக்காது. பச்சை ஆப்பிள், பார்லி சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. இதிலும் ஷெர்ரி பீப்பாய் உண்டு, ஆனால் பங்கு குறைவு. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்தான் முன்னால் நிற்கிறது. வாயில் வைத்துச் சில நொடி நாக்கின் நடுவில் நிறுத்திப் பாருங்கள். முதலில் இனிப்பு, அடுத்து எண்ணெய்ப் பசை, அதற்கு அப்புறம் நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஒரு காரம் ஏறும். கிராம்பை லேசாகக் கடித்தாற்போல. அந்தக் காரம் பீப்பாய் கொடுத்தது இல்லை, முளைகட்டாத பார்லியில் இருந்து வருவது. டப்ளின்காரர்கள் வரிக்குப் பயந்து கண்டுபிடித்த ருசி அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எது மேல்? குடித்து மகிழ ரெட்பிரெஸ்ட். ருசி பழக கிரீன் ஸ்பாட். பெரும்பாலானோர் முதல் பாட்டிலாக ரெட்பிரெஸ்ட்டைத்தான் சிபாரிசு செய்வார்கள், அதில் தப்பு இல்லை. ஆனால் ஷெர்ரி பீப்பாயின் உலர்திராட்சை இனிப்பு ஸ்காட்லாந்தில் பல மால்ட்டுகளில் கிடைக்கும். ரெட்பிரெஸ்ட்டில் அது தானியத்தின் மேல் ஒரு போர்வை போர்த்திவிடுகிறது. கிரீன் ஸ்பாட்டில் போர்வை மெலிசு. எது தானியம் தந்தது, எது மரம் தந்தது என்று நாக்குக்குப் பிரித்துக் காட்ட இதுவே தோதானது. பிரிக்கத் தெரிந்த பிறகு ரெட்பிரெஸ்ட்டுக்குப் போனால், போர்வைக்கு அடியில் இருப்பதும் தெரியும், ருசி இரட்டிப்பாகும்.

வயது விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெட்பிரெஸ்ட்டில் 12 என்று போட்டிருக்கிறது, கிரீன் ஸ்பாட்டில் எதுவும் இல்லை. லேபிளில் உள்ள வயது உள்ளே கலந்திருப்பதில் ஆகக் குறைந்த வயது, அவ்வளவே. கிரீன் ஸ்பாட்டில் இருப்பவை 7 முதல் 10 ஆண்டு வரை ஊறியவை. பாட் ஸ்டில் சரக்கு அதற்குள்ளேயே பேசத் தொடங்கிவிடும். மேலும் மேலும் ஊற ஊற மரம் பேசும், தானியம் ஒதுங்கும். 21 ஆண்டு ரெட்பிரெஸ்ட் அற்புதமான பொருள்தான், மறுக்கவில்லை. பழகும் காலத்தில் அதை வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

பவர்ஸ், கனமாரா, டீலிங்

பவர்ஸ் ஜான்ஸ் லேன் 12 ஆண்டு, 46 சதவீதம், இதுவும் பாட் ஸ்டில். 1791ல் டப்ளினில் தொடங்கிய பவர்ஸ் வடிசாலை இருந்த சந்தின் பெயர்தான் ஜான்ஸ் லேன். தோல், புகையிலை, கருகின சர்க்கரை, கறுப்புச் சாக்லேட் என்று முரட்டு ஆள். வீரியம் கூடுதலாக இருப்பதால் தண்ணீர் சேர்த்துச் சேர்த்துப் பார்க்க இடம் இருக்கிறது, ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு மாற்றம் தெரியும். அமெரிக்க போர்பன் பிடித்தவர்கள் நேரடியாக இங்கேயே வரலாம். மற்றவர்களுக்கு இது இரண்டாவது அல்லது மூன்றாவது பாட்டில்.

கனமாரா ஒரு தனி வகை. ஐரிஷ் விஸ்கி என்றால் புகை இருக்காது, மூன்று முறை வடித்திருப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கனமாரா இரண்டையும் மீறுகிறது. பீட் என்ற சதுப்பு நிலத்து மண்ணை எரித்த புகையில் உலர்த்திய மால்ட், இரண்டு முறைதான் வடிப்பு. விதியிலும் மூன்று முறை என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இதைக் கொண்டுவந்த கூலி ஆலைக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. உருளைக்கிழங்கில் தொழிற்சாலை ஆல்கஹால் எடுத்துக்கொண்டிருந்த பழைய அரசு ஆலையை 1987ல் ஜான் டீலிங் வாங்கி விஸ்கி ஆலையாக மாற்றினார். மிடில்டன், புஷ்மில்ஸ் இரண்டையும் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் ஒன்றே கையில் வைத்திருந்த காலத்தில் அது ஒரு கலகம். லஃப்ரோய்க், லகவூலின் மாதிரி புகை விஸ்கிக்கு அடிமையானவர் கனமாராவை மென்மையாக உணர்வார். புகையே பிடிக்காதவர் பக்கத்திலேயே போக வேண்டாம்.

ஜான் டீலிங்கின் மகன்கள் 2015ல் டப்ளினில் திறந்ததுதான் டீலிங் வடிசாலை. அந்த நகரத்தில் 125 ஆண்டுகளுக்கு மேல் புது வடிசாலை எதுவும் வந்ததில்லை. அவர்களுடைய ஸ்மால் பேட்ச் 46 சதவீத பிளெண்ட், கடைசியாக ரம் பீப்பாயில் கொஞ்ச காலம் வைத்து எடுக்கிறார்கள். அந்த ரம் இனிப்பு எனக்குக் கொஞ்சம் திகட்டுகிறது. ஜேம்சனை விட்டு ஒரு படி மேலே போக, அதிகம் செலவில்லாமல் என்று கேட்பவருக்கு நல்ல பாட்டில்தான்.

எப்படி ஒப்பிடுவது

ஒரு பாட்டிலைத் தனியாகக் குடித்து யாரும் ருசி பழக முடியாது. இரண்டு கிளாஸ் வேண்டும். என்னுடைய சிபாரிசு ஜேம்சனும் கிரீன் ஸ்பாட்டும். ஜேம்சனுக்குள்ளும் மிடில்டனின் பாட் ஸ்டில்தான் இருக்கிறது. அதில் கிரெய்ன் கலந்திருக்கிறது, இதில் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குக் கொண்டுபோனால், ஜேம்சனில் அடியில் பதுங்கியிருந்த காரமும் பசையும் எது என்று கிரீன் ஸ்பாட் காட்டிக்கொடுத்துவிடும். புஷ்மில்ஸையும் மூன்றாவதாக வைத்தால், பச்சை பார்லி இல்லாத மால்ட் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். ரெட்பிரெஸ்ட்டைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். அதன் ஷெர்ரி இனிப்பு நாக்கில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

ஒவ்வொன்றிலும் 15, 20 மில்லி போதும். மப்புக்காகக் குடிப்பது வேறு வேலை. கிளாஸ் அடியில் அகன்று வாயில் குறுகியதாக இருக்கட்டும். கிளென்கேர்ன் கிளாஸ் இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். நேராக நிற்கும் டம்ளரில் வாசனை நிற்காது. முகரும்போது மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு, கிளாஸின் விளிம்பில் வைத்து முகருங்கள். அப்போது ஆல்கஹால் நெடி மூக்கில் குத்தாது. முதல் மிடறு நாக்கைத் தயார் செய்யத்தான், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது மிடறில் இருந்து கவனியுங்கள்.

ஐஸ் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை ஒடுங்கிவிடும். தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம், ராவாகக் குடிப்பதுதான் வீரம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். 2017ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி உருவகத்தில் இதைப் பார்த்தார்கள். தண்ணீர் சேர்ந்து ஆல்கஹால் அளவு குறையும்போது, புகை மணத்தோடு தொடர்புள்ள குவாயகால் என்ற மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு வருவதாகச் சொன்னார்கள். மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு எட்டும். 40 சதவீத விஸ்கி என்றால் கிளாஸில் ஸ்பூனால் சில சொட்டு. ஜான்ஸ் லேனுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

நம் ஊர் விஸ்கியில் பழகிய நாக்குக்கு முதல் நாள் குழப்பமாகத்தான் இருக்கும். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸில் எடுத்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. தானியத்தின் ருசியை நாக்கு தேடியே பழகியிருக்காது. காரச் சிக்கனும் மிக்சரும் பக்கத்தில் இருந்தால் தேடவும் விடாது. சைடு டிஷ் எல்லாம் விஸ்கியை ருசி பார்த்து முடித்த பிறகுதான். அதுவரை பச்சைத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் போதும்.

எங்கே வாங்குவது

டப்ளினுக்குப் போகிறவராக இருந்தால் பாட்டில் வாங்குவதற்கு முன் பப்பில் அளவு வாங்கிப் பாருங்கள். அயர்லாந்துக் குடியரசின் வழக்கமான அளவு 35.5 மில்லி. நண்பரோடு போய் ஆளுக்கொன்று வேறு வேறாகச் சொல்லி மாற்றிக்கொண்டால் ஒரே உட்காரலில் இரண்டு பாட்டிலின் குணம் தெரிந்துவிடும். 1823ல் தொடங்கிய ஃபிளீட் தெரு பேலஸ் பார் மாதிரி விஸ்கிக்குப் பேர்போன பப்புகளில், என்ன பிடிக்கும் என்று சொன்னால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். வடிசாலை பார்க்கும் ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். டப்ளின் போ ஸ்ட்ரீட்டில் உள்ள ஜேம்சன் மையத்தில் 1971க்குப் பிறகு வடிப்பு நடப்பதில்லை, அது பார்வையாளர்களுக்கான இடம். செப்புக் கலன் சூடாக ஓடுவதைப் பார்க்க நகரத்துக்குள் டீலிங் இருக்கிறது.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவருபவருக்கு ஒரு சின்னக் கணக்கு. வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மதுதான் அனுமதி. 700 மில்லி பாட்டில் மூன்று எடுத்தால் 2.1 லிட்டர், வரம்பைத் தாண்டிவிடும். அதனால் 700 மில்லி இரண்டு, அல்லது ஒரு லிட்டர் ஜேம்சனும் ஒரு 700 மில்லி கிரீன் ஸ்பாட்டும் என்று எடுப்பது தோது. விலையில் கிரீன் ஸ்பாட் ஜேம்சனைவிட நன்றாகவே கூடுதல், ரெட்பிரெஸ்ட் 12 அதற்கும் மேல். விமான நிலையக் கடையில் மட்டும் விற்கும் ஸ்பெஷல் பதிப்புகளில் மயங்க வேண்டாம். பெட்டி அழகாக இருக்கும், உள்ளே இருப்பதைப் பற்றி லேபிள் அதிகம் சொல்லாது. லேபிளில் 'சிங்கிள் பாட் ஸ்டில்' என்ற மூன்று சொற்களும் சேர்ந்து இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டிலை ஒயின் மாதிரி படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்தே இருக்கட்டும். படுத்திருந்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். திறந்த பாட்டில் முக்கால்வாசி காலியானால் உள்ளே இருக்கும் காற்றில் வாசனை மங்கத் தொடங்கும். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் நிரம்ப ஊற்றி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நண்பர்கள் யாரையாவது கூப்பிட்டு முடித்துவிடுங்கள்.